கொய்யா விதையும் 1,500 வாட்ஸும்

போன ஆவணியில் அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒன்பது பல்லையும் எடுத்துவிட்டார்கள். ஈறு ஆற மூன்று மாதம் ஆகும், அதற்கப்புறம்தான் பல்செட்டுக்கு அளவெடுக்க முடியும் என்றார் டாக்டர். அப்பாவுக்கு 73 வயது. திண்டுக்கல், பழனி ரூட்டில் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆயக்குடி ஸ்டாப்பில் கொய்யாக் கூடையோடு ஏறுகிறவர்கள் கையில் ஒன்றைத் திணித்துவிட்டுப் போவார்கள். அப்படிச் சாப்பிட்டுச் சாப்பிட்டே அவருக்குக் கொய்யா என்றால் உயிர். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு, விதையோடு நறுக் நறுக்கென்று கடித்தால்தான் அவருக்குக் கொய்யா தின்ற மாதிரி இருக்கும்.

இட்லியைக் கரைத்துக் கொடுத்தேன். ரசம் சாதம், கேப்பைக் கூழ், பருப்புக் கஞ்சி என்று மாற்றி மாற்றிப் போனது. மூன்றாவது வாரம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பழம்னு ஒண்ணு இருந்துச்சுல்ல தாயி, அதெல்லாம் இனிமே கிடையாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலமே ரெண்டு பழுத்த கொய்யா, பாதி வாழைப்பழம், கெட்டித் தயிர் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு நாலு நிமிஷம் ஓட்டி ஒரு டம்ளர் கொடுத்தேன். முழுசும் குடித்தார். "நல்லாருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வாஷ்பேசினில் நின்று திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். துண்டில் மணல் மாதிரி ஒட்டியிருந்தது, உடைந்த கொய்யா விதை. ஒரு துணுக்கு ஆறாத ஈறுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வலித்திருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை.

நல்ல பிளெண்டர் ஒன்று வாங்குவது என்று நான் முடிவு செய்தது அந்தத் துண்டைப் பார்த்துத்தான். பிறகு இரண்டு மாதம் இதைப் பற்றியே படித்தேன், கேட்டேன், கடை கடையாக ஏறி இறங்கினேன், ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டியும் பார்த்தேன். நம் வீடுகளில் வயதானவர்களுக்காக, பல் இல்லாதவர்களுக்காக, காலையில் பசி எடுக்காத பிள்ளைகளுக்காக ஸ்மூத்தி அடிக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் மிக்ஸி என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். 750 வாட்ஸ், ஏழு வருஷமாக உழைத்தது. சித்திரையில் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்த மாம்பழம் ஒரு டப்பா இருந்தது. என் மகன் அதைக் கல்லு மாதிரி அப்படியே சட்னி ஜாரில் கொட்டி, பாலும் ஊற்றாமல் நேராக மூன்றாம் நம்பரில் திருகிவிட்டான். 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் மட்டும் ஓடுகிறது, பிளேடு நகரவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்ஸி ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஜாரைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் இருக்கும் கப்ளரில் பல் எல்லாம் வழித்த மாதிரி போயிருந்தது.

"இது போனது நல்லதும்மா," என்றார். "இது உடையணும்னுதான் லேசா செஞ்சிருக்கான். இது உடையலேன்னா மோட்டார் போயிருக்கும். ஃப்யூஸ் மாதிரின்னு வச்சுக்க."

"அண்ணே, ஸ்மூத்தி அடிக்கணும். ஆயிரம் வாட்ஸ் மிக்ஸியா வாங்கிடவா?"

அவர் பதில் சொல்லாமல் பக்கத்தில் ரிப்பேருக்கு வந்திருந்த நாலைந்து ஜாரை எடுத்து வரிசையாக வைத்தார். "உள்ள எட்டிப் பாரு. பிளேடு எங்க இருக்கு?" எல்லாவற்றிலும் பிளேடு அடித்தட்டை உரசுகிற மாதிரி கீழே படுத்துக் கிடந்தது. "தேங்காய்க்கும் மொளகாய்க்கும் இப்படித்தான் இருக்கணும். நீ கேக்குறது வேற சாமான்."

வேற சாமான் என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. ஜாரின் அடியில் சுழலும் பிளேடு வைத்த கருவிக்கு 1922ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் ஊர்க்காரர். அதே ரசீனில்தான் ஹார்லிக்ஸ் தயாரித்தார்கள். கடைகளில் மால்ட் பாலைக் கலக்கிக் கொடுக்கத்தான் அவர் கருவி பிறந்தது. அப்புறம் 1937ல் வேரிங் பிளெண்டர் சந்தைக்கு வந்தது. அதே காலத்தில் பர்னார்ட் குடும்பத்தின் வைட்டாமிக்ஸும் வந்தது. 1949லேயே டிவியில் நின்று இதை ஓட்டிக் காட்டி விற்றிருக்கிறார்கள். எல்லாமே தண்ணீர்ப் பதமானதைச் சுழற்றவும், பழத்தையும் ஐஸையும் பாலில் கரைக்கவும் வந்தவை.

நம் மிக்ஸியின் பூர்வீகம் வேறு. 1960களில் பம்பாயில் சீமென்ஸ் கம்பெனி இன்ஜினியராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டில், வெளிநாட்டு பிளெண்டர் ஒன்று நம் அரைப்புக்குத் தாங்காமல் மோட்டார் புகைந்து போனது. ஊறவைத்த பருப்பு, காய்ந்த மஞ்சள், தேங்காய் எல்லாம் அரைக்கிற மாதிரி மோட்டாரை அவர் புதிதாக வடிவமைத்தார். அதுதான் சுமீத். என் அம்மாவின் சீதனத்தில் வந்ததும் ஒரு சுமீத்தான். நம் ஊர் மிக்ஸிகள் எல்லாமே அந்த வழியில் வந்தவை. கெட்டியாக, கொஞ்சமாக, அடியோடு அடியாக மைய அரைக்க ஏற்பட்டவை. மல்லியும் மிளகாயும் அரைக்கிற விஷயத்தில் அரை லட்சம் ரூபாய் பிளெண்டர்கூட நம் மிக்ஸியிடம் தோற்கும். அதே மிக்ஸியிடம் போய் முருங்கைக்கீரையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வழுவழுவென்று ஆக்கிக் கொடு என்றால், கீரை பிளேடுக்கு மேலேயே சுற்றிச் சுற்றி வரும். காம்பும் நாரும் திப்பியாக நிற்கும். மிக்ஸியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

கோயம்புத்தூரில் சித்தி மகள் இருக்கிறாள், எனக்கு அக்கா முறை. அவளிடம் 1,400 வாட்ஸ் பிளெண்டர் ஒன்று இருந்தது. ரெண்டு லிட்டர் ஜார், மூடி நடுவில் குத்துகிற தடி. "எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் ஓட்டிப் பாரு, அப்புறம் காசு போடு" என்று பெட்டியோடு காரில் ஏற்றிவிட்டாள். இந்த ஒரு வாரம் இல்லையென்றால் நான் தப்பாகத்தான் வாங்கியிருப்பேன்.

அதன் பிளேடை உற்றுப் பார்த்தேன். நம் மிக்ஸி பிளேடு மாதிரி கூர்மையே இல்லை, விரலால் தடவினால் மொட்டை. ஆனால் நாலு முனையில் ரெண்டு மேலே வளைந்தும் ரெண்டு கொஞ்சம் கீழே சாய்ந்தும் இருந்தன. ஜார் வட்டமாக இல்லை. மூலை மழுங்கிய சதுரம், உள்பக்கம் மேலிருந்து கீழாக மேடு மேடாக வரி. ஓடும்போதுதான் இதெல்லாம் எதற்கென்று புரிந்தது. பிளேடு வெளியே தள்ளுகிற நீர் சுவர் வழியாக மேலே ஏறுகிறது, அந்த வரிகளில் மோதித் திரும்புகிறது, நடுவில் குழி விழுந்து திரும்பக் கீழே இறங்குகிறது. ஆற்றில் சுழி விழுமே, அதே மாதிரி. உள்ளே போட்ட பேரீச்சம்பழம் ஒன்று அந்தச் சுழியில் இறங்கி, மேலே வந்து, இறங்கி, மேலே வந்து, மூன்றாவது தடவை காணாமல் போனதைப் பார்த்தேன். ஒரு துண்டு எத்தனை தடவை பிளேடு வழியாகப் போகிறது என்பதில்தான் வழுவழுப்பு இருக்கிறது. கூர்மையாக நறுக்குவதை விட வேகமாக மோதி உடைப்பதுதான் இங்கே நடக்கிற வேலை.

அந்தச் சுழி அறுந்துபோனால் எவ்வளவு வாட்ஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ரெண்டாம் நாள் உறைந்த மாம்பழம் நிறைய, பால் கொஞ்சம் போட்டேன். பத்து விநாடி ஓடியது. திடீரென்று சத்தம் மெலிந்து, கீச்சென்று உயர்ந்தது. பிளேடைச் சுற்றிக் காற்று குமிழ் கட்டிக்கொண்டது. பிளேடு காற்றில் ஓடுகிறது, பழம் மேலே குகை மாதிரி அசையாமல் நிற்கிறது. மூடி நடுவில் தடியை விட்டு ரெண்டு குத்து குத்தியதும் 'குபுக்' என்று காற்று வெளியே வந்து, சத்தம் பழையபடி கனமானது. தடி பிளேடைத் தொடாத நீளத்தில் செய்திருக்கிறார்கள். மிக்ஸியில் நாம் நிறுத்தி, மூடி திறந்து, கரண்டியால் வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுவோமே, அந்த வேலையை இது ஓட ஓடச் செய்ய விடுகிறது. ஓடுகிற மிக்ஸிக்குள் கரண்டியை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு விரல் போயிருக்கிறது.

எதை முதலில் போடுவது என்பதும் முக்கியம். பால், தயிர், இளநீர், எதுவானாலும் நீர்ப்பொருள் முதலில் பிளேடு மூழ்க. அதன்மேல் வாழைப்பழம் மாதிரி மெத்தென்றவை. அப்புறம் கீரை. கடைசியில் ஐஸும் உறைந்த பழமும், அந்தக் கனம் கீரையை அமுக்கிக் கீழே தள்ளும். சின்ன வேகத்தில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினால் சுழி தானாக விழும். நேராக உச்சத்துக்குப் போனால் எல்லாம் சுவரில் அப்பிக்கொள்ளும். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டத் தேவையில்லை. அதிகமாக ஓட்டினால் நுரைதான் பொங்கும், சூடும் ஏறும். சூடு விளையாட்டில்லை. இந்த மாதிரி பெரிய இயந்திரத்தில் ஐந்தாறு நிமிஷம் தொடர்ந்து ஓட்டியே சூப்பை ஆவி பறக்க வைக்கிறார்கள், அடுப்பே இல்லாமல், பிளேடு உராய்வில்.

சரி, அப்பாவின் கொய்யாவுக்கு வருகிறேன். அதற்காகத்தானே இவ்வளவும்.

மூன்றாம் நாள் ஆயக்குடியிலிருந்து வந்த நல்ல பழம் நாலு வாங்கினேன். தொட்டால் அமுங்குகிற பதம், வாசம் கூடத்துக்கே வந்தது. 1,400 வாட்ஸில் உச்ச வேகத்தில் ஒரு நிமிஷம் முழுசாக ஓட்டினேன். பார்க்கப் பட்டு மாதிரி இருந்தது. அப்பாவுக்குக் கொடுக்கும் முன் நான் ஒரு வாய் குடித்து, நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தேன். நறநற. வடிகட்டியில் ஊற்றினேன். மிக்ஸியில் மணலாக வந்தது இதில் இன்னும் பொடியான மணலாக வந்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் வடிகட்டியைத் தாண்டியும் போய்விட்டது. கொய்யா விதை அவ்வளவு கடினம். கரைந்துபோகிற ரகம் இல்லை. உடைக்க உடைக்கக் கூர்முனைதான் பெருகுகிறது. ஆறாத ஈறுக்கு முழு விதையை விட உடைந்த விதைதான் எதிரி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு காசு போட்டு வாங்கப் பார்த்ததே இதற்குத்தான்.

அத்தைதான், என் மாமியார், வடிகட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெதைய எதுக்குடி ஒடைக்கிற? தக்காளிச் சாறு எடுக்கிற மாதிரி லேசாச் சுத்தி வழிச்செடு." அவ்வளவுதான் விஷயம். பழைய மிக்ஸியிலேயே, கப்ளர் மாற்றி வந்திருந்ததே அதிலேயே, கொய்யாவை நறுக்கிப் போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டு, இடப்பக்கம் திருகி விட்டு விட்டு ஐந்தாறு சுற்று. சதை கரைந்துவிடுகிறது, விதை உடைவதில்லை. சல்லடை வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் கூழ் முழுவதும் இறங்கிவிடும். மேலே முழு முழு விதை மட்டும் பளபளவென்று நிற்கும். அந்தக் கூழைத் தயிரோடு கலந்து, ஒரு சிட்டிகை உப்பும் துளி மிளகுத்தூளும் போட்டுக் கொடுத்தேன். அப்பா குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அன்று வாய் கொப்பளிக்கப் போகவில்லை.

அப்படியானால் பெரிய பிளெண்டரே வேண்டாமா? இல்லை, நான் வாங்கினேன். ஏன் என்றால் கொய்யா தவிர மற்ற எல்லாவற்றிலும் அது ஜெயித்தது. வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்த முருங்கைக்கீரையைப் பேரீச்சம்பழம், வாழைப்பழத்தோடு போட்டால் மிக்ஸியில் நார் பல்லிடுக்கில் மாட்டும், பல் இல்லாதவருக்குத் தொண்டையில் ஒட்டும். இதில் ஒரு இழை இல்லை. பச்சை பீட்ரூட், கேரட், ஊறவைத்த பாதாம், ஆளிவிதை, உறைந்த மாம்பழம் எல்லாம் வடிகட்டவே வேண்டாத பதத்தில் வந்தன. வடிகட்ட வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. சக்கையைத் தூக்கிப் போட்டால் நார்ச்சத்தும் அதோடு போகிறது. வயதானவர்களுக்கு மலச்சிக்கல் எவ்வளவு பெரிய தொல்லை என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆக, கடைக்குப் போகும் முன் உங்கள் டம்ளரில் எது திப்பியாக நிற்கிறது என்று பாருங்கள். வாழைப்பழமும் பப்பாளியும் மாம்பழமும் பாலும் மட்டும்தான் என்றால் கையில் இருக்கும் 500 வாட்ஸ் மிக்ஸியே தாராளம். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். கீரை, கிழங்கு, கொட்டைகள், உறைந்த பழம் என்று தினமும் போடுகிறவர்களுக்குத்தான் பெரிய இயந்திரம்.

இனி அந்த வாட்ஸ் கணக்கு. ஒரு பெட்டியில் ஒரு பக்கம் 1,500 வாட்ஸ், இன்னொரு பக்கம் 3 எச்.பி. என்று போட்டிருந்தது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்ஸ். மூன்றுக்கு 2,238 வருகிறது. 1,500 வாட்ஸ் உள்ளே இழுக்கிற மோட்டார் எப்படி 2,238 வெளியே தரும்? கடைக்காரப் பையனிடம் கேட்டேன், "அது பீக் எச்.பி. மேடம்" என்றான். மோட்டார் கிளம்புகிற அந்தக் கணத்தில் தொடுகிற உச்சம் அது. உங்கள் கீரைக்கு அது எந்த உதவியும் செய்யாது. தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு வாட்ஸ் என்பதை மட்டும் பாருங்கள். அதுவும் உள்ளே இழுக்கிற மின்சாரம்தான், அதில் ஒரு பங்கு சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். 1,200க்கு மேல் போனபிறகு ரெண்டு பெட்டிக்கு நடுவில் 200 வாட்ஸ் வித்தியாசத்துக்காக நான் ஒரு நூறு ரூபாய்கூட அதிகம் கொடுக்க மாட்டேன். அந்தக் காசு நல்ல ஜாருக்குப் போகட்டும்.

அதைவிட முக்கியமாக நான் தேடியது, எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்ற வரி. குறிப்புப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு நிமிஷம் ஓட்டு, ஒரு நிமிஷம் ஆறவிடு என்று போட்டிருந்தால் அது பெயருக்குத்தான் பெரிய மோட்டார். அடியில் ஓவர்லோட் சிவப்பு பட்டன் இருக்கிறதா என்றும் கவிழ்த்துப் பாருங்கள்.

பிளக் பாயிண்ட் விஷயத்தை யாரும் சொல்வதில்லை. 1,500 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். நம் அடுக்களை மேடையில் மிக்ஸிக்கு இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் பாயிண்ட். பெரிய மூன்று முள் வைத்த 16 ஆம்பியர் பாயிண்டில்தான் இதை ஓட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது ஃப்ரிட்ஜுக்குப் போயிருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்து மேடைக்குத் தனியாக ஒன்று இழுத்த பிறகுதான் பெட்டியையே பிரித்தேன். வீட்டு இன்வெர்ட்டரில் இதை ஓட்டப் பார்க்காதீர்கள், பாதி இன்வெர்ட்டர்கள் அலறும்.

அமெரிக்காவில் இருக்கிற தம்பி, "அக்கா, இங்க நல்லது கிடைக்கும், வரும்போது எடுத்துட்டு வரவா?" என்று கேட்டான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே 120 வோல்ட். அதை நம் 230ல் நேராகச் செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது. இறக்குகிற டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டாயிரம் வாட்ஸ் தாங்குகிறதாக வாங்கினால் அது அரிசி மூட்டை மாதிரி கனக்கும், மேடையில் வைக்க இடமும் இல்லை. ஏதாவது பழுதென்றால் திண்டுக்கல்லில் யாரிடம் போவது? வேண்டாம்டா, நீ மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

பழுது என்றதும் ரிப்பேர் அண்ணன் சொன்ன இன்னொன்று ஞாபகம் வருகிறது. வாங்குவதற்கு முன்னாடியே கப்ளரும் ஜாரடி ரப்பர் வாஷரும் தனியாக விலைக்குக் கிடைக்குமா என்று கேள், கிடைக்காதென்றால் அந்த மெஷினை வாங்காதே. நான் மூன்று கம்பெனிகளின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒன்றில் முழு ஜாராகத்தான் தருவோம் என்றார்கள், அதன் விலை மெஷின் விலையில் பாதி. இன்னொன்றில் எங்கள் மாவட்டத்துக்கே சர்வீஸ் ஆள் இல்லை. மூன்றாவதில் மதுரையில் சென்டர் இருந்தது, உதிரிபாகத்துக்கு விலைப்பட்டியலே அனுப்பினார்கள். அதைத்தான் வாங்கினேன். பெயரைக் கேட்காதீர்கள், மாடல்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. அந்த மூன்று போன் கால் போடுங்கள், உங்கள் ஊருக்கு எது சரி என்று தெரிந்துவிடும்.

ஜார் அளவில் நான் ஏமாந்திருப்பேன், இரவல் வாரம்தான் காப்பாற்றியது. ரெண்டு லிட்டர் ஜார் என்றால் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். ஆனால் அப்பாவுக்கு வேண்டியது ஒரு டம்ளர், 250 மில்லி. அகலமான ஜாரில் அதை ஊற்றினால் பிளேடுகூட மூழ்காது. சுழி விழாது, சுவரில் தெறித்து நிற்கும். தினமும் நாலு பேருக்கு அடித்தால் பெரிய ஜார் சரி. ஒரு ஆளுக்கு, ரெண்டு ஆளுக்கு என்றால் கூடவே சின்ன ஜார் வருகிற மாடலாகப் பாருங்கள். கவிழ்த்து மாட்டுகிற சின்னக் கப் பிளெண்டர்கள் 600, 900 வாட்ஸில் கிடைக்கின்றன. தனி ஆளுக்கு அவையும் மோசமில்லை. ஆனால் அவற்றில் சூடான எதையும் போடவே கூடாது. மூடிய கப்புக்குள் ஆவி கட்டி வெடித்துத் தெறிக்கும். பெரிய ஜாரிலும் சூடானதைப் போட்டால் நடு மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து ஓட்டுங்கள்.

கண்ணாடி ஜார் பார்க்க அழகு, மஞ்சள் கறை பிடிக்காது. ஆனால் ரெண்டு லிட்டர் கண்ணாடியை நிறைய ஊற்றித் தூக்க என் மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. அத்தைக்குச் சுத்தமாக முடியாது. டிரைட்டான் என்கிற பிளாஸ்டிக்கில் செய்தது லேசு, அதில் பி.பி.ஏ. என்கிற ரசாயனம் கிடையாது, கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடையாது. கொட்டைகளும் ஐஸும் போடப் போட உள்ளே மங்கலாகும், அதனால் பாதகமில்லை. எவர்சில்வர் காலத்துக்கும் நிற்கும், ஆனால் உள்ளே சுழி விழுகிறதா என்று தெரியாது. பழகும்வரை பார்த்து ஓட்டுவது நல்லது என்பதால் நான் டிரைட்டான் எடுத்தேன்.

சத்தம். இதை மறைக்க மாட்டேன். மிக்ஸியை விடக் கூடுதல்தான். காலை ஐந்தரைக்கு முதல் நாள் ஓட்டியபோது மாடி வீட்டுக் கைக்குழந்தை அழுத சத்தம் கேட்டது. இப்போது ஏழு மணிக்கு மேல்தான் ஓட்டுகிறேன். அடியில் பழைய மணைப்பலகை மேல் ரப்பர் விரிப்பு போட்டதில் கிரானைட் மேடை அதிர்வது பாதி குறைந்தது.

கழுவுவது மட்டும் சுகம். குடித்த கையோடு ஜாரில் பாதி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, முப்பது விநாடி ஓட்டு. அவ்வளவே. காயவிட்டால் கீரை சுவரில் பாசி மாதிரி பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிளேடுக்கு அடியில் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயமாக ரெண்டு வார்த்தை. அப்பாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. மென்று தின்றால் ஒரு பழத்தோடு நிறுத்துவோம், அரைத்தால் மூன்று பழம் ஒரே மடக்கில் போய்விடும். அதனால் ஒரு டம்ளருக்குப் பாதி வாழைப்பழம், ஒரு பேரீச்சம்பழம், அதற்கு மேல் இனிப்பே இல்லை, தயிர் தாராளம். அப்புறம், ஸ்மூத்தி என்றாலே பாலக்கீரையைப் பச்சையாகக் கட்டுக்கட்டாகப் போடுகிறார்கள். பாலக்கில் ஆக்சலேட் அதிகம். கிட்னியில் கல் வந்தவர்கள் அதைத் தினமும் குடிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கொய்யாவுக்கும் சட்னிக்கும் பழைய மிக்ஸி, கீரைக்கும் பீட்ரூட்டுக்கும் புதுசு. பல்செட்டுக்கு அளவெடுத்தாயிற்று, தை பிறந்ததும் கைக்கு வரும் என்கிறார்கள். பல்செட் வந்த பிறகும் இந்த டம்ளர் வேணுமாப்பா என்று போன வாரம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கொய்யாவக் கடிச்சுக்கிறேன் தாயி. முருங்கைக்கீரைய மட்டும் அரைச்சுக் குடு."